சஹன் எண்ணப் படித்த காலம்

கள்ளக் கணக்குப் பிடிக்கும் உத்தியோகத்துக்குப் படிக்கிறவன் முதலில் எதைப் படிக்க வேண்டும், தெரியுமா? சாப்பிடப் படிக்க வேண்டும். அடுத்தவன் வீட்டில், அவன் கையால் வைத்த சோற்றை, அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவனைப் பற்றி எழுதப் படிக்க வேண்டும். நான் படித்தேன். நன்றாகவே படித்தேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில்தான் வருமான வரி என்று ஒன்று எங்கள் கண்டிப் பக்கம் வந்து சேர்ந்தது. சாராயத்துக்கும் உப்புக்கும் வரி கொடுத்துப் பழகிய சனங்களுக்கு, "நீ வருஷத்துக்கு எவ்வளவு உழைக்கிறாய், எழுதி அனுப்பு" என்று அரசாங்கம் கடிதம் போட்டுக் கேட்பது பெரிய அவமரியாதையாகப் பட்டது. கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் ஒருவர் அந்தப் படிவத்தில் வெங்காயம் சுற்றி விற்றார். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அதுவும் ஊரோடு ஊராகக் கலந்து திரியக்கூடிய ஆள்.

எங்கள் வாப்பா கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் மடவளையிலிருந்து நடந்தே போய் வருவார். அந்த மெஷினை மிதித்து மிதித்துத்தான் என்னைக் கண்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். எனக்கு இங்கிலீஷும் தெரியும், ஓதப் போன புண்ணியத்தில் அரபு எழுத்தில் எழுதும் தமிழும் தெரியும். எங்கள் ஆட்களில் பழைய வியாபாரிகள் கடைக் கணக்கை அந்த எழுத்தில்தான் எழுதுவார்கள். வருமான வரிக் கந்தோரில் அதைப் படிக்க ஒருவரும் இல்லை. நேர்முகத்தில் வெள்ளைக்காரத் துரை அப்படி ஒரு கொப்பியை என் முன்னால் தள்ளினார். நான் கடகடவென்று படித்தேன். அந்த இடத்திலேயே தற்காலிகக் கிளாக்கர் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பழக வேண்டும். வருஷ முடிவில் நானாக ஒரு வழக்கைப் பிடித்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை நின்றால் நிரந்தரம், பென்சன், பிறகு படிப்படியாகப் பரிசோதகர் வரைக்கும் போகலாம். விழுந்தால் வாப்பாவோடு உட்கார்ந்து பொத்தான் தைக்க வேண்டியதுதான்.

எங்களைப் பழக்கியவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்து மனிதர். சாராய வரிப் பகுதியில் இருபது வருஷம் மோப்பம் பிடித்துவிட்டு இங்கே வந்தவர். அவரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு சதம் கைநீட்டி வாங்காதவர். வியாபாரிகள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். போத்தலில் தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு திரிவார். நெற்றியில் திருநீறு, மேசையில் கூர் தீட்டி அடுக்கிய ஆறு பென்சில்கள். கெட்டவனிடம் படித்திருந்தால் கெட்டதைப் படித்தேன் என்று சொல்லித் தப்பியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

"கணக்குக் கொப்பி பொய் சொல்லும் காணும். கலியாணம் பொய் சொல்லாது. விளங்குதோ?" என்பார்.

அவருடைய பாடம் முழுக்க அதுதான். கூரை ஓடா, தகரமா என்று பார். கிணற்றுக்குக் கட்டுக் கட்டியிருக்கிறானா பார். பெண்சாதி பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது கையில் எத்தனை காப்பு? மய்யித்து வீட்டில், செத்தவருக்காக எத்தனை நாள் சாப்பாடு கொடுத்தான்? ஒருத்தன் செலவழிக்கிறதை எண்ணினால் அவன் மறைத்ததை எண்ணலாம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். எங்கள் கலியாணங்களுக்கென்றே தனியாக ஒரு கடதாசி வைத்திருந்தார். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டத்தை நாங்கள் சஹன் என்போம். அந்தச் சஹனுக்கு விலை போட்டு வைத்திருந்தார் மனிதர். ஆட்டிறைச்சிச் சஹன் ஒரு விலை, மாட்டிறைச்சிச் சஹன் ஒரு விலை, இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தால் அதற்குமேல் இவ்வளவு. மரக்கறி தவிர ஒன்றும் தொடாதவர், "ஆடோ மாடோ?" என்று கேட்கும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டே பென்சிலால் குறிப்பார்.

என்னோடு வேலை பழகியவன் இன்னொருத்தன். ஹந்தானைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன், வேதக்காரப் பையன், சிரித்த முகம். அவனைக் கோயில் திருநாளுக்கு அனுப்பி, யார் யார் பெரிய மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், யார் கூட்டுப் பாட்டுக்குக் காசு கொடுத்தார்கள் என்று பார்த்து வரச் சொன்னார்கள். போனான், வந்தான், மூன்றாம் நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டான்.

"வேணாங்க, நமக்கு இது சரிப்படாது. சாமி கும்புட்டுட்டு வர்ற மனுசன் பைய பாக்கச் சொல்றாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முழங்கால் போடுறது?" என்றான். பன்வில பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அரைச் சம்பளத்தில் மாஸ்டராகப் போனான். பைத்தியக்காரன் என்று நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

வருஷம் முடியும் நேரத்தில் பெரிய கிளாக்கர் எனக்கு ஒரு கோப்பைத் தந்தார். திறந்தால், எங்கள் ஊர்ப் பாக்குக்கடை மாமா. உம்மாவுக்குத் தூரத்து உறவு, சின்ன வயதிலிருந்தே நான் மாமா என்று கூப்பிடும் மனிதர். சிங்களக் கிராமங்களில் பாக்கு, மிளகு, கொக்கோ வாங்கிக் காயவைத்துக் கண்டிக்கு ஏற்றுவார். கடைக்குப் பின்னால் ஒரு மிளகுத் தோட்டமும் இருந்தது. படிவத்தில், வரி கட்டும் அளவுக்குத் தனக்கு வருமானம் இல்லை என்று எழுதியிருந்தார். கணக்குக் கொப்பிகளையும் கேட்டவுடன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் ஒரு கிழமை முழுக்க அரபுத் தமிழில் பாக்கும் மிளகுமாகப் படித்தேன். சுத்தமான கணக்கு. விலை விழுந்த காலம் அது; கொக்கோவை வாங்கின விலைக்குக்கூட விற்க முடியாமல் அவர் திண்டாடியது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது.

"கணக்குச் சரி" என்றேன் பெரிய கிளாக்கரிடம்.

"சரியாத்தான் இருக்கும். எழுதினவன் அவன்தானே?" என்றார். "அவருக்கு ஒரு மகள் இருக்குதாம். கலியாணம் எப்ப?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்கும் அழைப்பு வந்திருந்தது. இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நீர் போம். வடிவாச் சாப்பிடும். சஹனை எண்ணிக்கொண்டு வாரும்."

வேண்டாம் சேர், அது என் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அறிக்கை, நிரந்தரம், பென்சன் என்று மூன்று சொற்கள்தான் தலைக்குள் ஓடின. சரி சேர் என்றேன்.

எண்ணுவதற்கும் ஒரு முறை சொல்லித் தந்தார். கடதாசி பென்சில் எடுத்தால் சனம் பார்க்கும். ஆகவே இடது பையில் பாக்குகளைப் போட்டுக்கொண்டு, பத்துச் சஹனுக்கு ஒரு பாக்கை வலது பைக்கு மாற்ற வேண்டும். பாக்குக்கடை மாமாவைப் பிடிக்கப் பாக்கு! அதற்கும் நான் அன்றைக்குப் பல்லை இளித்தேன். தூ!

கலியாணம் மத்தியானம். மாப்பிள்ளை கம்பளைப் பக்கம், வசதியான குடும்பம். பந்தலில் சமையல்கட்டு வாசலுக்கு நேரே, ஒவ்வொரு சஹனும் என்னைத் தாண்டித்தான் போகும்படி இடம் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சீலையால் மூடிய சஹன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆட்டிறைச்சி. வட்டிலப்பமும் உண்டு. பத்து, ஒரு பாக்கு. இருபது, இரண்டு பாக்கு. என் சஹனில் இருந்த மற்ற ஐந்து பேரும் பிஸ்மி சொல்லிக் கைவைத்தார்கள், நானும் வைத்தேன். வலது கை சோற்றில், இடது கை பையில்.

மாமா பந்தியைப் பார்த்துக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்றார். புதுச் சட்டை, வியர்த்த முகம். குனிந்து, தன் கையாலேயே ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார்.

"என்ன மகன், கோழி கொத்துற மாதிரி கொத்துறீங்க? கவர்மெந்து வேலைக்குப் போற புள்ள. வெக்கப்படாமத் தின்னுங்க" என்றார்.

தின்றேன். அந்த நேரம் பார்த்து முப்பதாவது சஹன் வாசலைத் தாண்டியது. பாக்கை மாற்றினேன். இப்படி ஒரு பிறவி!

மொத்தம் நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை காலையில் பெரிய கிளாக்கரின் விலைக் கடதாசியை வைத்துப் பெருக்கி, அழகாக அறிக்கை எழுதினேன். கொப்பியில் காட்டிய வருமானத்தில் இந்தக் கலியாணத்தின் கால்வாசிகூட நடத்த முடியாது, ஆகவே மீதி மறைத்த வருமானம். துரை அதன்படியே வரி விதித்துக் கையெழுத்துப் போட்டார். "கெட்டிக்காரன் காணும் நீர்" என்று பெரிய கிளாக்கர் தன் பென்சில்களில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். நான் குளிர்ந்து போனேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் வீட்டில் சாப்பிடும்போது, பெரிய ஞானி மாதிரி உம்மாவிடம், "மாமா ஊருக்குத்தான் ஏழை. மகள் கலியாணத்துக்கு எவ்வளவு இறைச்சிருக்கார் பாத்தீங்களா?" என்றேன்.

உம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்கு என்னத்துக்குடா அந்தக் கத? அது பொம்புளைங்கட விஷயம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்த மனுஷன்ட கையில என்ன ஈக்கி? மாப்புளக்கிக் கைக்கூலி குடுத்ததோட முடிஞ்சி போச்சு. ஊட்டுக்கு ஒரு சஹன் எண்டு நாங்கதான் ஏத்துக்கிட்டம். எங்கட ஊட்டாலயும் ஒண்டு போச்சு. ஒண்ட சம்பளத்திலதான். ஹைரான காரியம், நன்மக்கி செஞ்சது, வெளிய வாயத் தொறந்திடாத."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையில் இல்லாதவன் வீட்டில் கலியாணம் வந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் சமையல்கட்டு வழியாகவே பேசி முடித்து, ஒவ்வொரு வீடும் ஒரு சஹனைத் தூக்கிக்கொள்ளும். ஆண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேச மாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லவே மாட்டார்கள். நாற்பத்திரண்டு சஹனும் நாற்பத்திரண்டு வீடு. அதில் ஒன்றுக்கு என் சம்பளம். என் காசில் வந்த சோற்றை எண்ணி, அதை இன்னொருத்தன் களவாக உழைத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

மறுநாள் பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடியெண்டால் அவர் மேன்முறையீடு செய்யட்டும். எந்த வீடு எந்தச் சஹனைக் குடுத்தது எண்டு நாப்பத்திரண்டு பேரும் ஒப்பமிட்டுக் கடிதம் தரட்டும். துரை வரியை வெட்டிவிடுவார்" என்றார். பிறகு என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, "உம்முடைய முதல் வழக்கு இது. விழுந்தால் நிரந்தரமும் விழும். அதையும் நினைச்சுப் பாரும்" என்றார்.

நினைத்துப் பார்த்துக்கொண்டுதான் மாமாவின் கடைக்குப் போனேன். அரசாங்க முத்திரை போட்ட நீளக் கடிதம் அவர் மேசையில் பிரித்தபடி கிடந்தது. நான் எண்ணினேன் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. கந்தோரில் இப்படி ஒரு கோப்பைக் கண்டேன் என்று மட்டும் சொன்னேன். சஹன் கதையை எழுதிக் கொடுத்தால் வரி போய்விடும், நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் எழுந்து கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். "இது ஒங்களுக்கு ஆரு செல்லின?" என்றார். முகம் கறுத்துவிட்டது. "மகன், அந்தக் கடிதத்த எத்தின கிளாக்கர்மார் படிப்பாங்க? கண்டியில படிச்சா கம்பளைக்குக் கேக்காதா? எண்ட புள்ளய ஊரு சோறு போட்டுக் கட்டிக் குடுத்தண்டு மாப்புளட உம்மா நாளைக்கு அவள்ட மொகத்துக்கு நேர செல்லுவா. அந்தப் புள்ள வாழுறதா இல்லியா? எனக்கு எழுத ஏலா. தோட்டத்தில பாதிய வித்துக் கட்டுறன்."

"இல்லாத வருமானத்துக்கா மாமா?"

"ஈக்கிண்டு அரசாங்கம் செல்லுது. அப்பிடியே ஈந்திட்டுப் போகட்டும்."

நான் இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். துரையிடம் நேரே போய், எண்ணினவன் நான், பிழை விட்டவனும் நான் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் ஏலாது என்றதும் எனக்கு மூச்சு வந்தது. பாதிக் கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்தபோது என் நெஞ்சில் இருந்தது துக்கமில்லை, நிம்மதி. சீ, என்ன மனிதன் நான்!

மாமா மிளகுத் தோட்டத்தில் பாதியை விற்று முழு வரியையும் ஒரே தடவையில் கட்டினார். அடுத்த மாதம் எனக்கு நிரந்தரம் வந்தது. வாப்பா பள்ளிவாசலில் சர்பத் ஊற்றினார். அந்தக் காலத்தில் வருமான வரி கட்டுகிறவன் என்றால் பெரிய பணக்காரன். எங்கள் ஊரில் வேறு ஒருத்தரும் கட்டியதில்லை. செய்தி கம்பளை வரை போனது. சம்பந்தக்காரர் அதற்குப் பிறகு மாமாவைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புகிறாராம் என்று உம்மா சொன்னார். அதைக் கேட்டு, பார்த்தாயா, நன்மைதான் நடந்திருக்கிறது என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். இந்த உத்தியோகத்தில் ஒருத்தன் பழகிவிட்டான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வருஷம் திரும்பியது. மாமாவின் புதுப் படிவம் வந்தது. போன தடவை போலவே வருமானம் இல்லை என்று எழுதியிருந்தார். பெரிய கிளாக்கர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பொய்யாய் வரி போட்டால் மனுசன் கத்துவான் காணும். அழுவான், அப்பீல் எழுதுவான், துரையின்ர காலில விழுவான். இவர் ஒரு சொல் பேசாமல் கட்டினவர். நீர் சொன்ன சஹன் கதை மெய்யெண்டால் அப்பீல் வந்திருக்குமே. ஏன் கட்டினவர்? நாங்கள் பிடிச்சது கொஞ்சம், அவர் ஒளிச்சது கூட. இந்த முறை ஒண்டரை மடங்காய்ப் போடும்."

எனக்குத் தெரியும், ஏன் கட்டினார் என்று. கந்தோரில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நான் நிரந்தரம். வாயைத் திறந்தாலும் வேலை போகாது. ஆனால் திறந்தால், போன வருஷமே ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று துரை கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, ஒன்றரை மடங்கு போட்டு எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். மை உலரும் வரை ஊதினேன்.

கடிதம் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து சனங்கள் கலையும்போது மாமா என்னைப் பள்ளி மதிலோரம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வருஷத்தில் ஆள் இளைத்திருந்தார்.

"மகன், ஒங்ககிட்ட ஒரு ஒதவி" என்றார். "இந்த வருஷம் எவ்வளவு போடுவாங்கண்டு முன்னுக்கே செல்ல ஏலுமா? கடிதம் வந்த பொறகு விக்கப் போனா, அவசரத்தில விக்கிறான்டு வெலயக் கொறைக்கிறாங்க. இப்பவே தெரிஞ்சா நல்ல ஆளாப் பாத்துப் பேசலாம்."

தொகையைச் சொன்னேன். என் கையால் எழுதியது, மனப்பாடம்தானே. அவர் உதடு அசைய ஏதோ கூட்டிப் பார்த்தார்.

"அப்ப மிச்சத் தோட்டமும் போகும்" என்றார். பிறகு என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். கந்தோருக்குள்ள நம்மட புள்ள ஒண்டு ஈக்கிறது எவ்வளவு பெரிய ஒதவி! அல்லாஹ் இந்தக் கைக்கு பரக்கத் தரட்டும்."

நான் ஆமீன் சொன்னேன்.